படைத்தலைவன் எந்த மொழியில் பேசினான்

இந்த அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பழைய தாளை எப்படிப் புரட்டுவது, பூஞ்சணம் பிடித்த பக்கத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அதில் நான் ஒன்றும் பெரிய கெட்டிக்காரி அல்ல. என்னால் சொல்லக்கூடியது பயத்தைப் பற்றி. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய இத்தாலியச் சண்டைகளை மொழிபெயர்க்கிறவளுக்கு என்ன பயம் என்று நீங்கள் நினைக்கலாம். அதில் வருகிறவர்கள் எல்லோரும் எப்போதோ செத்துப்போனார்கள், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நானும் நினைத்தேன். அந்த நினைப்பு உயிரோடு இருந்த ஒரு மனிதரை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப் பார்த்தது.

நான் மன்னார்க்காரி. பதினெட்டு வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தேன். மடம் என்னை இத்தாலிக்கு அனுப்பியது. லத்தீனும் இத்தாலியனும் அங்கே படித்ததுதான். ஆயுள் முழுவதும் மடத்திலேயே இருப்பேன் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கவேண்டிய வருடத்தில் மாட்டேன் என்று சொல்லி வெளியே வந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், அதற்கு இங்கே இடம் போதாது. அண்ணன் ரொறன்ரோவில் இருந்ததால் இங்கே வந்தேன். முதல் இரண்டு குளிர்காலமும் மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுப் பெட்டி அடுக்கினேன். பிறகுதான் பல்கலைக்கழக நூலகத்தின் இந்த மொழிபெயர்ப்பு அறையில் பழைய இத்தாலியன் வாசிக்கத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன்.

அப்போது இங்கே பொறுப்பாளராக இருந்தவரின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் கோபித்துக்கொள்வார். இத்தாலியிலிருந்து வந்து கட்டட வேலை செய்த ஒருவரின் மகள், ரொறன்ரோவில் பிறந்தவர். குரலை உயர்த்தமாட்டார். ஒரு கேள்வி கேட்பார், பதிலுக்கு நிற்காமல் கோப்பி போடப் போய்விடுவார். திட்டு வாங்கினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

நாங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது ஒரு சிறிய நகரத்தின் செயலாளர் எழுதிய வரலாறு. நான் அவரைக் கிளாக்கர் ஐயா என்றுதான் சொல்லுவேன். இத்தாலி அப்போது ஒரு நாடு அல்ல. நகரத்துக்கு நகரம் அடிபட்டார்கள். பக்கத்து நகரத்தை அடக்குவதற்கு வெளியே இருந்து அரசர்களைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் படையோடு வந்தார்கள், திரும்பிப் போக மறந்துபோனார்கள். கிளாக்கர் ஐயா நகரசபைக்குக் கடிதம் எழுதும் உத்தியோகத்தில் இருந்தவர். ஆட்சி மாறி வேலை போனதும் தோட்டவீட்டில் உட்கார்ந்து, யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள், எந்த வாசலை யார் திறந்துவிட்டார்கள் என்று எல்லாவற்றையும் எழுதித் தள்ளினார். வேலை போன மனிதன் எழுதுகிற வரலாற்றில் ஒரு உறைப்பு இருக்கும். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

அதிலும் அவர் எழுதும் பேச்சுகள். ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் படைத்தலைவன் ஒருவன் எழுந்து நின்று இரண்டு பக்கத்துக்குப் பேசுவான். முதல்முதல் அப்படி ஒரு பேச்சை மொழிபெயர்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதிலுக்கு வெளியே எதிரி, உள்ளே பசி. ஒரு கிழட்டுத் தலைவன் தன் ஆட்களைப் பார்த்து, நாளைக்கு நம்மைப் புதைக்க யாரும் மிஞ்சமாட்டார்கள், ஆகவே இன்றைக்கே ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறான். நான் தாளைத் தூக்கிக்கொண்டு பொறுப்பாளரிடம் ஓடினேன். அவர் வாசித்துவிட்டு, இதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் யார் என்று கேட்டார். கிளாக்கர் ஐயா என்றேன். இரண்டு பக்கம் முன்னுக்குப் பார் என்று சொல்லிவிட்டுக் கோப்பி போடப் போனார். பார்த்தேன். அந்த வாரம் முழுவதும் தான் வேறு ஊரில் காய்ச்சலாய்ப் படுத்திருந்ததாகக் கிளாக்கர் ஐயாவே எழுதியிருந்தார்.

அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர்களின் வழக்கம் அது. அவர்கள் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. ஒரு தலைவன் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்கவேண்டுமோ அதை எழுதினார்கள். வாசிக்கிறவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. ஆகவே யாருக்கும் பாதகமில்லை. நாங்கள் ஒவ்வொரு பேச்சுக்கும் கீழே சின்னதாக ஒரு குறிப்புப் போட்டு, இது ஆசிரியரின் ஆக்கம் என்று எழுதுவோம்.

குறிப்புப் போட்டுப் போட்டே எனக்குக் கை வந்துவிட்டது. சில வருடத்தில் பேச்சு வரும் பக்கங்களையெல்லாம் என்னிடம்தான் தருவார்கள். முதல் பாதியில் ஒன்றைத் தூக்கி, இரண்டாம் பாதியில் அதையே திருப்பி அடிக்கும் வசனம் எப்படிக் கட்டுவது என்று கிளாக்கர் ஐயாவிடமிருந்து பழகிக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது என்பதை ஒளிக்கமாட்டேன். உங்களுக்கும் வரும். வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோவில் தமிழ்ப் பூசை முடிந்து ஒரு ஞாயிறு வெளியே வந்தபோது, பெனடிக்ற் என்று ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தினார். முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் கரையோரத்து ஆள், கடல் தொழில். இங்கே வந்து அகதியாக ஏற்கும்படி விண்ணப்பித்திருந்தார். மனைவியும் ஏழு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். தன் கதையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும், தன் வழக்கைப் பார்க்கும் லோயரம்மாவின் அலுவலகத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்டார், நீங்கள் பெரிய இடத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறீர்களாமே என்றார். நான் உடனே ஓம் என்றேன். அலுவலகமும் என்னைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

கதை சிறியது. அவருடைய தமையன் போர் முடிந்த காலத்தில் காணாமல் போனவர். பெனடிக்ற் தமையனின் படத்தைத் தூக்கிக்கொண்டு மற்றக் குடும்பங்களோடு தெருவில் நின்றார். ஒரு நாள் சீருடைக்காரர்கள் வந்து அவரை ஒரு முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். அதிகாரி ஒருவன் சிங்களத்தில் கேட்டான், சாதாரண உடுப்புப் போட்ட ஒருவன் அதைத் தமிழில் சொன்னான். பின்நேரம் வரை கேள்வி. கடைசியில் தமிழ் சொன்னவனை வெளியே அனுப்பிவிட்டு, அதிகாரி பெனடிக்றை வெருட்டி விட்டுவிட்டான். அதற்குப் பிறகு அவர் வீட்டில் படுக்கவில்லை. நாலு மாதத்தில் நாட்டை விட்டு வெளிக்கிட்டார்.

அந்தக் கடைசி இடத்தில் நான் பேனையை நிறுத்தினேன். அதிகாரி உம்மிடம் என்ன சொன்னவன் என்று கேட்டேன். "வெருட்டினவன் அக்கா. வெருட்டிப்போட்டு விட்டவன்," என்றார். என்ன சொல்லி வெருட்டினவன் என்று திரும்பவும் கேட்டேன். மூன்று தரம் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அதையேதான் சொன்னார்.

எனக்கு அது போதவில்லை. இவ்வளவு பெரிய பயத்துக்கு இவ்வளவு சின்னச் சொல்லா என்று இருந்தது. இதை வாசித்து முடிவு சொல்லப்போகிற கனடா அதிகாரிக்கு நெஞ்சில் தைக்கவேண்டாமா. ஆகவே நானே எழுதினேன். "நீ திரும்பவும் உன் தமையனின் படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றால், அடுத்தமுறை உன் மகள் உன் படத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்." எழுதி முடித்ததும் எனக்கே மயிர் கூச்செறிந்தது. தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அந்த வசனத்தைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "ஓம் அக்கா, அதுதான்," என்றார். முழுவதையும் வாசித்துக் காட்டினேன், அவர் சொன்னபடியே மொழிபெயர்த்தேன் என்ற உறுதிமொழிக்குக் கீழே நான் கையெழுத்து வைத்தேன். கீழே குறிப்பு ஒன்றும் போடவில்லை.

மாதங்கள் போயின. விசாரணைக்குத் திகதி வந்தது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, இதே அறையில், அந்த யன்னலோர மேசையில் இருந்து கிளாக்கர் ஐயாவின் கடைசிப் பாகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஜேர்மன் கூலிப்படை நகரத்துக்குள் புகுந்துவிட்டது. கோயில் வாசலில் பெண்கள் கூடி நிற்கிறார்கள். படைத்தலைவன் அவர்களைப் பார்த்து ஒரு பக்கத்துக்குப் பேசுகிறான். இரக்கமே இல்லாத, ஆனால் அழகான பேச்சு. பொறுப்பாளர் என் தோளுக்கு மேலால் அதை வாசித்தார்.

"இவன் எந்த மொழியில் பேசினான்?" என்று கேட்டார்.

கிளாக்கர் ஐயா இத்தாலியனில்தான் எழுதியிருக்கிறார் என்றேன். அது தெரிகிறது, அந்தப் பெண்களுக்கு எப்படி விளங்கியது என்று கேட்டுவிட்டுக் கோப்பி போடப் போய்விட்டார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே எனக்கு முகாமில் இருந்த அதிகாரி நினைவுக்கு வந்தான். பெனடிக்றின் கதையின் பிரதி என் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்று நானே எழுதியிருந்தேன். தமிழ் சொன்னவன் வெளியே அனுப்பப்பட்டான் என்றும் நானே எழுதியிருந்தேன். பெனடிக்றுக்குச் சிங்களம் தெரியாது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு, ஒரு சொல் பிசகாமல், என்னுடைய வசனம். இதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கப்போகிற ஒருவருக்கு ஒரு கேள்வி போதும். கதை முழுவதும் பொய் என்று சொல்லிவிடலாம். அவர் திரும்பிப் போகவேண்டியது அந்த முகாம் இருக்கும் ஊருக்கு.

உடனே எழுந்து ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி அல்ல. மூன்று நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. என் கையெழுத்துக்குப் பயந்தேன். பொய் உறுதிமொழி கொடுத்தவள் என்று பதிவானால் இந்த அறையில் என்னை வைத்திருப்பார்களா என்று பயந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லாவிட்டாலும் கருத்து அதுதானே என்று சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் யாராவது என்னை உற்றுப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசைக்குப் பெனடிக்ற் வரவில்லை. அது இன்னும் பயத்தைக் கூட்டியது. மத்தியானம் அவர் இருந்த வீட்டுக்குப் போனேன். ஒரு குடும்பத்தின் வீட்டில் நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்றை வாடகைக்கு எடுத்திருந்தார், பிக்கரிங்கில் ஒரு பண்டகசாலையில் வேலை. பக்கவாசல் திறந்திருந்தது. படியில் கால் வைத்தபோது கீழே அவருடைய குரல் கேட்டது. தனியே பேசிக்கொண்டிருந்தார். "அடுத்தமுறை உன் மகள் உன் படத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்." ஒரு மூச்சு விட்டு, திரும்பவும் முதலில் இருந்து. செபமாலை சொல்வதைப்போல. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

என்னைக் கண்டதும் சந்தோசப்பட்டார். விசாரணைக்குப் போட ஒரு சேர்ட்டை அயர்ன் பண்ணிக் கதிரையில் தொங்கவிட்டிருந்தார். முழுவதையும் பாடமாக்கிவிட்டேன் என்றார். நான் உட்காராமலே கேட்டேன்.

"தம்பி, அவன் அதை எந்தப் பாஷையிலை சொன்னவன்?"

தமிழில் என்றார். பிறகு இல்லை, சிங்களத்தில் என்றார். பிறகு அந்தத் தமிழ் சொன்ன ஆள் என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அவனை வெளியே அனுப்பியதாக நீர்தானே சொன்னீர் என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான் கேட்டனான் அக்கா. என்ரை காதிலை இப்பவும் கேக்குது."

எனக்கு என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பயம் வந்ததில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே கேட்டது. அவர் காதில் கேட்டது அந்த அதிகாரியின் குரல் அல்ல, என்னுடையது. பூசையில் சந்தித்த ஒரு மனிதனின் நினைவுக்குள் புகுந்து, அங்கே இருந்ததைத் தள்ளிவிட்டு நான் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வசனம் நான் கட்டியது, அதை எடுத்துவிடவேண்டும் என்று சொன்னேன். அவர் கெஞ்சினார். அதை எடுத்தால் தன்னிடம் என்ன இருக்கிறது, வெருட்டினவன் என்று காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் கதிரையில் தொங்கிய சேர்ட்டைப் பார்த்தேன். மேலே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் மாதக்கணக்காக நான் கேட்காத கேள்வி எனக்கு வந்தது.

"அந்தத் தமிழ் சொன்ன ஆள் வெளியிலை போனாப்பிறகு அவன் என்ன செய்தவன்?"

பெனடிக்ற் தன் கையைப் பார்த்தார். மெல்ல மெல்லச் சொன்னார். அவருடைய பேர்ஸ் மேசையில் திறந்தபடி கிடந்திருக்கிறது. அதிகாரி அதிலிருந்து அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தான், மடுமாதா படத்தை எடுத்துப் பார்த்தான், பிறகு மகளுடைய படத்தை எடுத்தான். பள்ளிக்கூடத்தில் எடுத்தது, வெள்ளை யூனிபோம், இரட்டைப் பின்னல். அதைக் கனநேரம் பார்த்தான். பிறகு பெனடிக்றைப் பார்த்தான். படத்தைத் தன் சேர்ட் பொக்கெற்றுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினான். மற்ற எல்லாவற்றையும் பேர்ஸுக்குள் ஒழுங்காக வைத்துத் திருப்பிக் கொடுத்தான். கதவைக் காட்டினான். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மனைவிக்குக்கூட இதைச் சொல்லவில்லை என்றார். பிள்ளையை இனிப் படம் எடுக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தாராம். வாயால் சொன்னால் நடந்துவிடும் போல இருந்தது என்றார். நான் கட்டிய வசனத்தை நினைத்துப் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் லோயரம்மாவிடம் போனோம். இங்கே பிறந்த பிள்ளை, வேலையில் களைத்துப்போன கண். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர் நடுவில் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு வழி இருக்கிறது என்றார். பேசாமல் விடலாம் என்றால், தெரிந்துகொண்டு அந்த வசனத்தோடு தான் உள்ளே போகமுடியாது, வேறு லோயர்தான் பார்க்கவேண்டும். திருத்திக் கொடுத்தால் ஏன் மாற்றினீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும், ரிஸ்க் அதிகம், என்னையும் சாட்சியாகக் கூப்பிடவேண்டிவரும் என்றார். முடிவு பெனடிக்றுடையது. அவர் லோயரம்மாவிடம் ஒன்றுதான் கேட்டார்.

"அக்காவுக்கு வேலை போகுமோ?"

போகலாம், தெரியாது என்றார் லோயரம்மா. பெனடிக்ற் என்னைப் பார்த்தார். அந்த நிமிடம் அவர் விட்டுவிடுவோம் என்று சொல்லவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் ஆசைப்பட்டேன். அவர் திரும்பி, படத்தை எழுதுங்கோ என்றார்.

செவ்வாய்க்கிழமை பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொல்லுவார் என்று சாமான்களைப் பையில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். அவர் கோப்பியை மேசையில் வைத்தார். இங்கேயும் அப்படிச் செய்திருக்கிறாயா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்ல வரவில்லை. எல்லாப் பேச்சையும் எடுத்து முதலிலிருந்து மூலத்தோடு பார் என்றார், அவ்வளவுதான். ஒரு குளிர்காலம் முழுவதும் பார்த்தேன். கிளாக்கர் ஐயா கட்டியதற்கு மேல் நானும் கட்டியிருந்தேன். அங்கே ஒரு சொல், இங்கே ஒரு அடி. நாளைக்கு நம்மைப் புதைக்க யாரும் மிஞ்சமாட்டார்கள் என்றுதான் கிழட்டுத் தலைவன் சொல்கிறான். ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது என்னுடையது. எனக்குக் கண் கலங்கியது அதற்குத்தான்.

விசாரணை குறித்த திகதியிலேயே லோயரம்மாவின் அலுவலகத்தில் கணினித் திரையில் நடந்தது. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். திரையில் இருந்த அதிகாரி அறுபது வயதுப் பெண், மூக்குக் கண்ணாடி, பின்னால் வெறும் சுவர். நடக்காத ஒன்றை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். நான் பழைய வரலாறுகளோடு வேலை செய்கிறவள், அங்கே ஒருவன் சொல்லியிருக்கவேண்டியதை எழுதுவது வழக்கம், அந்த வழக்கத்தை எழுதக்கூடாத இடத்தில் எழுதிவிட்டேன் என்றேன். கையெழுத்து உங்களுடையதா என்றார். ஓம் என்றேன். அவர் தாளைப் புரட்டினார். அந்த வசனம் உங்களுடையது என்றால், இந்தப் படமும் உங்களுடையது அல்ல என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. தெரியாது என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். பெனடிக்ற் சம்மதித்ததால் என்னைப் பின்கதிரையில் இருக்க விட்டார்கள். நான் மீட்டதாக நினைத்த மனிதரை நானே இரண்டாம் தரம் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

பெனடிக்றிடம் அவர் முதலில் கேட்டது, இதை ஏன் முன்பு சொல்லவில்லை என்பது. பெனடிக்ற் தமிழில் சொன்னார், வேறொரு மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் கூட்டாமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

"அக்கா அவன் என்ன சொன்னவன் எண்டுதான் கேட்டவ. அவன் ஒண்டும் சொல்லேல்லை."

படத்தை எடுத்ததைச் செய்து காட்டுங்கள் என்றார் அந்தப் பெண். பெனடிக்ற் மேசையைப் பார்த்தார். லோயரம்மாவின் பேனை ஒன்றை வலது கையில் எடுத்தார். இடது கையால் இல்லாத ஒரு படத்தைத் தூக்கிப் பார்த்தார். அதை நெஞ்சுப் பக்கம் கொண்டுபோய் உள்ளே வைத்தார். ஒரு கையால் பொத்தானைப் பூட்டப் பார்த்தார், பூட்டவில்லை. பேனையைப் பல்லில் கவ்விக்கொண்டார். இரண்டு கையாலும் பூட்டினார். பேனையை வாயிலிருந்து எடுத்துச் சேர்ட்டில் துடைத்தார். பிறகு அப்படியே இருந்தார். அவர் தன்னைச் செய்து காட்டவில்லை, அந்த அதிகாரியாக இருந்துகொண்டிருக்கிறார் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கவேண்டும். பேனையைக் கைவிட்டார், அது மேசையில் உருண்டு போனது.

முகாமில் அந்த அதிகாரியின் கையில் இருந்த அந்தப் பேனையை என்னால் ஆயுளுக்கும் கட்டியிருக்க முடியாது. கிளாக்கர் ஐயாவாலும் முடியாது. திரையில் இருந்த பெண் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து நிமிட இடைவேளை என்றார்.

முடிவு வர ஏழு கிழமை எடுத்தது. அந்த ஏழு கிழமையும் தொலைபேசி அடித்தால் நான் எடுப்பதற்கு முன்பு சிலுவை போட்டுக்கொண்டேன். அவரை ஏற்றுக்கொண்டார்கள். லோயரம்மாவின் அலுவலகம் மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டது. அதுதான் சரி. இந்த அறையில் என்னை வைத்திருந்தார்கள், ஆனால் பேச்சுப் பக்கங்களை அதற்குப் பிறகு இரண்டு பேர் சேர்ந்துதான் பார்க்கவேண்டும் என்று ஒழுங்கு வந்தது. அந்த ஒழுங்கு ஏன் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். காரணம் நான்தான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமல்ல. கிளாக்கர் ஐயாவின் படைத்தலைவர்கள் பேசத் தொடங்கும்போது, அழகாக இருக்கிறதே என்று உங்களுக்கும் மயக்கம் வரும். அனுபவியுங்கள், அவர் நல்ல எழுத்துக்காரர். ஆனால் பேச்சைத் தாண்டிப் போய், பேச்சு முடிந்ததும் அவன் கை என்ன செய்தது என்று ஒரு தரம் தேடிப் பாருங்கள். சிலவேளை ஒரு வரியில் இருக்கும். சிலவேளை எழுதாமல் விட்டிருப்பார். எழுதாமல் விட்ட இடத்தைக் கண்டால் பயப்படுங்கள், உங்கள் பேனையால் அதை நிரப்பாதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் பெனடிக்றின் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். வரச் சொல்லி என்னையும் கூப்பிட்டார். விமானநிலையத்தில் மூவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், நானும் அழுதேன். மகளுக்குப் பதின்மூன்று வயது, தகப்பனின் தோள் உயரம். அவள் வளர்ந்ததை ஒரு தரமும் காணவில்லையே என்று பெனடிக்ற் சொன்னபோது, நீங்கள்தானே படம் எடுக்கவேண்டாம் என்றனீங்கள் என்றார் மனைவி. அவர் சொன்னதை அவர்கள் அப்படியே காப்பாற்றியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் குழுப்படம் எடுக்கும் நாட்களில் தாய் பிள்ளையை மறித்து வீட்டில் வைத்திருக்கிறார். கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளிலும் படம் இல்லை, போனில் பேசும்போதும் குரல் மட்டும்தான். அத்தனை வருடத்திலும் எடுத்தது கடவுச்சீட்டுக்கு எடுத்த ஒன்றுதான்.

பெனடிக்ற் தன் போனை என்னிடம் தந்தார். "எடுங்கோ அக்கா, இனிப் பயமில்லை," என்றார். மூவரும் வரிசையாக நின்றார்கள், அவர் நடுவில். நான் போனை உயர்த்தினேன். பிள்ளை சிரித்துக்கொண்டுதான் நின்றாள். சிரித்தபடியே அவளுடைய கை தானாக எழும்பி முகத்தை மூடியது.

நான் போனை இறக்கிவிட்டேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.